வலிக்கிற இடமும் படத்தில் கறுத்த இடமும்: எலும்பு ஸ்கேன் பற்றி

மருத்துவர் எழுதித் தந்த சீட்டில் ‘போன் ஸ்கேன்’ என்று இருந்தால், அது எந்த ஸ்கேன் என்பதை முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா சோதனையையும் பலர் இதே பெயரில்தான் சொல்கிறார்கள். அது சில நிமிட வேலை, ஊசி கிடையாது. எலும்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை எண்ணாகத் தரும். ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. இங்கே எழுதப்போவது மற்றதைப் பற்றி: நரம்பில் கதிரியக்க மருந்தை ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம் காக்க வைத்து, காமா கேமராவுக்கு அடியில் படுக்க வைத்து எடுக்கும் அணு மருத்துவ எலும்பு ஸ்கேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, வலியோ போகவில்லை என்ற நிலையில்தான் பெரும்பாலும் இதை எழுதுகிறார்கள்.

இந்த ஸ்கேன் வலியைப் படம் பிடிப்பதில்லை. எலும்பு எங்கெல்லாம் தன்னை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறதோ அந்த இடங்களைப் படம் பிடிக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் வலிப்பதில்லை. வலிக்கும் இடத்திலெல்லாம் கட்டட வேலை நடப்பதுமில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படுவதும், ரிப்போர்ட்டைப் பார்த்து ஏமாறுவதும் இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

ஊசியில் போவது டெக்னீசியம்-99எம் சேர்த்த எம்டிபி என்ற பாஸ்பொனேட் மருந்து. எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் புதிதாகப் படியும் பரப்பில் அது போய் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அந்த இடத்துக்கு வரும் ரத்த ஓட்டம், எலும்பு கட்டும் செல்களின் மும்முரம். ஏற்றியதில் ஏறத்தாழப் பாதி எலும்பில் தங்கும், மீதி சிறுநீரில் போய்விடும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். அது விடும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். உடம்பைத் தாண்டி வெளியே வரப் போதுமானது, கேமராவின் படிகத்தில் நின்றுவிடும் அளவுக்கு மென்மையானது. 1971-இல் சுப்ரமணியனும் மக்காஃபியும் டெக்னீசியத்தைப் பாஸ்பேட்டோடு இணைத்துக் காட்டிய பிறகுதான் இந்தச் சோதனை எல்லோருக்குமானதாக ஆனது. அதற்கு முன் பயன்பட்ட ஸ்ட்ரான்சியம்-85-க்கு அரை ஆயுள் சுமார் 65 நாள். அதனால் புற்றுநோய் இருப்பது உறுதியானவர்களுக்கு மட்டுமே அதைத் துணிந்து கொடுத்தார்கள். சாதாரண முதுகுவலிக்கு யார் கொடுப்பார்கள்?

எக்ஸ்ரேயில் ஒரு கேடு கண்ணுக்குத் தெரிய, அந்த இடத்தின் கனிமம் 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்திருக்க வேண்டும். எலும்பு ஸ்கேனுக்கு அவ்வளவு சேதம் தேவையில்லை. கட்டும் வேலை சற்றுக் கூடினாலே கறுப்பாகக் காட்டிவிடும். (அச்சிட்ட படத்தில் மருந்து அதிகம் சேர்ந்த இடம்தான் கறுப்பு. பேச்சில் ‘ஹாட் ஸ்பாட்’ என்பார்கள், சூடு ஒன்றும் கிடையாது.) முறிவு, சீழ், கட்டி, தேய்மானம், அறுவைக் காயம், பல் வேர் அழற்சி எல்லாமே கறுப்புதான். ஸ்கேன் மோப்பம் பிடித்து இடத்தைக் காட்டும், திருடன் யார் என்று சொல்லாது. அதைச் சொல்வது கறுப்பின் வடிவம், அது இருக்கும் இடம், எந்தக் கட்டத்தில் தோன்றியது என்பது, கூடவே நோயாளி சொல்லும் கதை.

ஒரு கட்டமா, மூன்று கட்டமா

சாதாரண ஸ்கேனில் ஊசி போட்டு 2 முதல் 4 மணி நேரம் கழித்து உடம்பு முழுவதையும் எடுப்பார்கள். மூன்று கட்ட ஸ்கேனில், வலிக்கும் இடத்தைக் கேமராவுக்கு அடியில் வைத்துக்கொண்டே ஊசி போடுவார்கள். முதல் நிமிடம் முழுவதும் 1 முதல் 3 விநாடிக்கு ஒரு படம். இது ரத்தம் பாய்ந்து வரும் கட்டம். அடுத்த 10 நிமிடங்களுக்குள் ஒரு படம். திசுவில் ரத்தம் தேங்கி நிற்கும் கட்டம். பிறகு 2–4 மணி நேரம் கழித்து எலும்புக் கட்டம்.

எது வேண்டும் என்பதை ஊசிக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஊசி போட்டு அரை மணி கழித்து “கால்ல சீழ் இருக்குமோன்னு டாக்டர் சொன்னாங்க” என்று நோயாளி சொன்னால், முதல் கட்டம் கைநழுவிப் போய்விட்டது. இன்னொரு நாள் இன்னொரு ஊசிதான். சீழ், எலும்புச் சோர்வு முறிவு, செயற்கை மூட்டில் வலி, அடிபட்ட பிறகு வீங்கி எரியும் கை கால், இந்த நான்கில் எது சந்தேகமானாலும் மூன்று கட்டம் என்று சீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஊசி வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கையில் போக வேண்டும். வலது மணிக்கட்டு வலிக்கு வலது கையிலேயே ஊசி போட்டால் படம் பாழ். கைகளைச் சோதிக்கும்போது ஊசிக்காகக் கட்டிய பட்டையை அவிழ்த்த உடனேயே மருந்தை ஏற்றவும் கூடாது. கட்டி அவிழ்த்த கைக்கு ரத்தம் பொங்கி வரும். அந்தப் பாய்ச்சல் நோய் போலவே தெரியும். ஒரு நிமிடமாவது பொறுத்து ஏற்ற வேண்டும்.

தோலும் அதன் அடித்திசுவும் மட்டும் அழற்சியுற்றிருந்தால் முதல் இரண்டு கட்டங்களில் பரவலான கறுப்பு இருக்கும், மூன்றாவதில் எலும்பு ஏறக்குறைய இயல்பாக வரும். எலும்புக்குள்ளேயே சீழ் என்றால் மூன்றிலும் கறுப்பு. நேரம் போகப் போக அது எலும்பின் ஓரிடத்தில் குவியும். தொற்று தொடங்கி ஒன்றிரண்டு நாளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். இதில் ஒரு பொறி உண்டு. புது முறிவும், அண்மையில் அறுவை நடந்த எலும்பும், நீரிழிவில் உணர்விழந்து உருக்குலைந்த பாதமும் மூன்று கட்டத்திலும் கறுக்கும். நீரிழிவுப் புண்ணுள்ள பாதத்தில் மூன்று கட்டமும் கறுப்பாக வந்ததை மட்டும் வைத்துச் சீழ் என்று தீர்மானிப்பது அவசரம். எம்ஆர்ஐயோ, ரத்த வெள்ளையணுக்களில் கதிரியக்கக் குறியிட்டு எடுக்கும் ஸ்கேனோ துணைக்கு வேண்டும். மறுபக்கம், அந்தப் பாதத்தில் மூன்று கட்டமும் சுத்தமாக வந்தால் எலும்பில் சீழ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பச்சிளம் குழந்தைகளுக்கு மட்டும் இந்த நிம்மதியைக் கொடுக்க முடியாது. அவர்களுக்குத் தொற்று இருந்தும் ஸ்கேன் இயல்பாகவோ, வெளுத்தோ வரலாம்.

ஓட்டக்காரர்களின் முழங்கால் கீழ் வலிக்கு இது அழகாகப் பயன்படும். முன்கால் எலும்பின் உள்–பின் விளிம்பில் நீளவாட்டில் மெல்லிய கோடாக மூன்றாம் கட்டத்தில் மட்டும் கறுத்தால் அது தசை இழுப்பால் வரும் வலி. ‘ஷின் ஸ்பிளிண்ட்’ என்பார்கள். நடுவில் பருத்து இருமுனையும் ஒடுங்கிய கறுப்பு, அதுவும் மூன்று கட்டத்திலும் என்றால் எலும்புச் சோர்வு முறிவு. முதலாவதில் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். இரண்டாவதில் நிறுத்தியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விரிசல் முழு முறிவாகிவிடும். எக்ஸ்ரேயில் அந்தக் கோடு தெரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்.

அடிபட்ட பிறகோ, கட்டுப்போட்டு அவிழ்த்த பிறகோ கை எரிந்து, வீங்கி, தொட்டாலே துடிக்கும் நிலை ஒன்று உண்டு. சிஆர்பிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மணிக்கட்டு தொடங்கி விரல் மூட்டுகள் வரை எல்லா மூட்டைச் சுற்றியும் மூன்றாம் கட்டத்தில் ஒரே சீராகக் கறுப்பது அதன் அடையாளம். ஒன்றிரண்டு விரல் மட்டும் கறுத்தால் அது வேறு ஏதோ. தொடங்கி முதல் ஆறு மாதத்தில் எடுத்தால்தான் இந்த வடிவம் நம்பும்படி இருக்கும், நாள்பட்டால் மங்கிவிடும். குழந்தைகளுக்குக் கறுப்பதற்குப் பதில் வெளுத்தும் வரலாம். இந்த நோயை நிர்ணயிப்பது கையைத் தொட்டுப் பார்த்துச் செய்யும் மருத்துவச் சோதனைதான். ஸ்கேன் சாட்சி சொல்லும், தீர்ப்பு எழுதாது. ஸ்கேன் இயல்பு என்பதற்காக அந்த வலியைப் பொய் என்று ஒதுக்குவது பெரும் தவறு.

முறிவு: எப்போது எடுப்பது

முறிந்து 24 மணி நேரத்தில் சுமார் 80 சதவீத முறிவுகள் தெரியும், 72 மணி நேரத்தில் சுமார் 95 சதவீதம். முதியவர்களுக்கும் எலும்பு மெலிந்தவர்களுக்கும் அந்த மூன்று நாள் தாமதம் நிஜமானது. 80 வயதுக்காரர் நேற்று விழுந்து இன்று இடுப்பை ஊன்ற முடியவில்லை, எக்ஸ்ரே இயல்பு என்றால் எலும்பு ஸ்கேனுக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. எம்ஆர்ஐ அன்றே காட்டிவிடும். எம்ஆர்ஐ எடுக்க முடியாதவர்களுக்கு மட்டும் மூன்றாம் நாளில் ஸ்கேன்.

பின்னோக்கியும் ஒரு சிக்கல். ஆறிய முறிவு சீக்கிரம் வெளுக்காது. இயல்புக்கு வரக் குறைந்தது ஐந்தாறு மாதம் பிடிக்கும். பெரும்பாலானவை இரண்டு ஆண்டுக்குள் அடங்கும். கோணலாகச் சேர்ந்தவை அதற்குப் பிறகும் கறுத்தே கிடக்கும். அதனால் ‘எப்போது விழுந்தீர்கள்’ என்ற கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்லுங்கள். “போன வருஷம் படிக்கட்டுல சறுக்கினேன், ஒண்ணும் ஆகல” என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வரிசையாக மூன்று விலா எலும்புகளில் ஒரே செங்குத்துக் கோட்டில் புள்ளி வைத்தாற்போல் கறுப்பு வந்தால், அந்தச் சறுக்கல் ஒன்றே அதற்கு விளக்கம். அதைச் சொல்லாமல் விட்டால், முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு அந்த மூன்று புள்ளியும் தூக்கத்தைக் கெடுக்கும். விலாவின் நீளத்தோடு படர்ந்து போகும் கறுப்பு வேறு. அதைத்தான் கவலையோடு பார்க்க வேண்டும்.

முதுகெலும்பில் மூன்று நான்கு எலும்புகள் நசுங்கியிருக்கும் முதியவருக்கு, எது பழையது எது இப்போது வலிப்பது என்று எக்ஸ்ரே சொல்லாது. ஸ்கேனில் புதிது குறுக்குப் பட்டையாகக் கறுக்கும், பல ஆண்டு பழையது அடங்கியிருக்கும். சிமென்ட் ஏற்றும் சிகிச்சைக்கு முன் எந்த எலும்பு என்று முடிவு செய்ய இது கைகொடுக்கும். இடுப்புக்குப் பின்னால் ஆழமாக வலி, இடுப்பு முதுகு எம்ஆர்ஐயில் தேய்மானம் மட்டும் என்று மாதக்கணக்கில் அலைபவர்களில் சிலருக்கு முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பில் முறிவு இருக்கும். இரு பக்கமும் செங்குத்தாக ஒரு கோடு, நடுவே குறுக்காக ஒரு கோடு என ஆங்கில ‘எச்’ எழுத்து அப்படியே படத்தில் எழுந்து நிற்கும். பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய வடிவங்கள் இந்தத் துறையில் சிலவே. இது அவற்றில் ஒன்று.

இளம் விளையாட்டு வீரருக்கு முதுகை வளைக்கும்போது இடுப்பு வலி என்றால், தட்டைப் படம் மட்டும் போதாது. முதுகெலும்பின் பின்வளைவில் உள்ள மெல்லிய பாலத்தில் வரும் விரிசலைக் கண்டுபிடிக்க ஸ்பெக்ட் வேண்டும். கேமரா உடம்பைச் சுற்றிவந்து 60 முதல் 120 கோணங்களில் எடுத்து, வெட்டு வெட்டாகக் காட்டும் முறை அது. அதோடு சிடியும் சேர்ந்தால் கறுப்பு எந்த எலும்பின் எந்த மூலையில் என்று மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். நடுப்பாதம், கணுக்கால், முதுகின் சிறு மூட்டுகள் இவற்றில் வலி என்றால் ஸ்பெக்ட்–சிடி இல்லாத எலும்பு ஸ்கேன் பாதி வேலைதான் என்பது என் கருத்து. பாதத்தில் ஒட்டி ஒட்டிக் கிடக்கும் சிறு எலும்புகளில் எது என்று தட்டைப் படத்தில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இரவில் மட்டும் துளைக்கும் வலி, ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைக்குச் சட்டென்று அடங்குகிறது, வயது இருபதை ஒட்டி என்றால் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சிறு கட்டியை நினைக்க வேண்டும். ஸ்கேனில் பரவலான கறுப்புக்கு நடுவே இன்னும் அடர்ந்த ஒரு பொட்டு தெரியும். இடம் தெரிந்ததும் மெல்லிய வெட்டுகளில் சிடி எடுத்துப் பொட்டைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

செயற்கை இடுப்பு மூட்டு வைத்தவருக்குப் பல ஆண்டு கழித்து வலி வந்தால், இயல்பான ஸ்கேன்தான் மதிப்பு மிக்கது: மூட்டு தளர்ந்திருக்கும் வாய்ப்பு குறைவு என்று அது சொல்லும். ஆனால் அறுவைக்குப் பிறகு முதல் ஓராண்டுக்கு இடுப்பைச் சுற்றி இயல்பாகவே கறுப்பு இருக்கும். முழங்காலில் அதைவிட நீண்ட காலம். ஆறாம் மாதத்தில் எடுத்துவிட்டு ‘தளர்ந்திருக்கலாம்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

படம் எங்கே கெடுகிறது

முதலில் மருந்து. எம்டிபி குப்பிக்குள் டெக்னீசியத்தைச் சேர்க்கும்போது அங்குள்ள வெள்ளீய உப்புதான் டெக்னீசியத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. குப்பிக்குள் காற்று புகுந்தால் வெள்ளீயம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, கட்டுப்படாத டெக்னீசியம் தங்கிவிடும். அது எலும்புக்குப் போகாமல் தைராய்டுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் இரைப்பைக்கும் போகும். படத்தில் கழுத்தும் வயிற்றின் இடப்பக்கமும் கறுத்து, எலும்பு மங்கலாக இருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். கலந்த மருந்தில் 95 சதவீதத்துக்கு மேல் கட்டுண்டிருக்கிறதா என்று தாள் நிறப்பிரிகை வைத்துப் பார்ப்பது சில நிமிட வேலை. அவசர நாட்களில் முதலில் விடுபடுவதும் அதுதான். கலந்த பிறகு வைத்திருக்கும் நேரத்துக்குக் குப்பியில் வரம்பு எழுதியிருக்கும்; காலையில் கலந்ததை மாலை வரை இழுப்பது வம்பு.

அடுத்து ஊசி. நரம்புக்கு வெளியே கசிந்தால் ஊசி போட்ட இடம் அப்பிக்கொண்டு கறுக்கும். எலும்புக்குக் கிடைக்கும் மருந்து குறையும். சில சமயம் அதே பக்க அக்குளில் நெறிக்கட்டு ஒன்று கறுத்து நின்று குழப்பும். நரம்புக்குப் பதில் தமனியில் போய்விட்டால் அந்தக் கையின் மணிக்கட்டுக்குக் கீழே கையுறை மாட்டியதுபோல் முழுக்கக் கறுத்துவிடும். அதை மேலே சொன்ன சிஆர்பிஎஸ் என்று படித்துவிடக்கூடும். அதனால் எந்தக் கையில் எந்த இடத்தில் ஊசி போட்டது, கசிந்ததா என்பதைச் சீட்டில் குறித்துவைப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல.

மூன்றாவது சிறுநீர். மருந்தில் பாதி சிறுநீர்ப்பைக்கு வருவதால் நிறைந்த பை திருவெலும்பையும், வால் எலும்பையும், முன் இடுப்பு எலும்பையும் மறைத்துவிடும். இடுப்பு வலிக்குத்தான் வந்திருக்கிறீர்கள், இடுப்பே தெரியாது. படுப்பதற்கு முந்திய நிமிடம் போய்விட்டு வர வேண்டும். அப்படியும் பை மறைத்தால் கேமராவின் மேலேயே உட்கார வைத்து அடியிலிருந்து ஒரு படம் எடுத்தால் பை மேலே விலகித் தெரியும். உள்ளாடையில் ஒரு சொட்டு பட்டாலும் தொடை எலும்பில் புண் இருப்பதுபோல் கறுக்கும். துணியை மாற்றி, தோலைக் கழுவி, மறுபடி எடுத்தால் மறைந்துவிடும். எலும்பில் இருப்பது மறையாது.

சிறுநீரகம் பன்னிரண்டாம் விலா மேல் விழும். தோள்பட்டை எலும்பின் நுனி ஏழாவது எட்டாவது விலா மேல் விழும். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி இன்னொன்று எடுத்தால் பொய் விலாப் புள்ளி இடம் மாறிவிடும். பெல்ட் கொக்கி, சட்டைப்பை நாணயம், கழுத்துத் தாயத்து, பேஸ்மேக்கர் எல்லாம் கதிரை மறித்து வெள்ளை ஓட்டை போடும். தாடையில் ஒரு பொட்டுக் கறுப்பு பெரும்பாலும் பல் விவகாரம்.

கேமராவின் தட்டு உடம்பை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு கூர்மை. நோயாளி பயப்படுகிறாரே என்று 10 சென்டிமீட்டர் தள்ளிவைத்து எடுத்த படத்தில் விலாக்கள் மேகம் போல இருக்கும். முழு உடல் படத்தில் படுக்கை நிமிடத்துக்கு 10–15 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். கேமரா எண்ணும் கதிர்களின் எண்ணிக்கை மொத்தம் 15 லட்சத்துக்குக் குறையக்கூடாது. அவசரமாக ஓட்டினால் எண்ணிக்கை குறைந்து, படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து வரும். வலிக்கும் இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு நெருங்கிய படம் எடுக்காமல் நோயாளியை இறக்கக் கூடாது. குழந்தைகளுக்கு வளர்ச்சித் தட்டுகள் இயல்பிலேயே கரேலென்றிருக்கும். இரண்டு முழங்காலும் ஒரே கோணத்தில் நேராக இல்லாவிட்டால் ஒன்று நோயுற்றதுபோல் தெரியும். பாதங்களைச் சேர்த்து ஒட்டுநாடாவால் கட்டிவிடுவது எளிய வழி.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியவை

வெறும் வயிற்றோடு வர வேண்டாம். ஊசிக்கும் படத்துக்கும் இடையில் ஒரு லிட்டராவது தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதாகித் தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் மந்தமானவர்களுக்குத் தசையிலும் தோலிலும் மருந்து தங்கி எலும்பு தெளிவாக எழாது. அவர்களுக்குக் காத்திருப்பு நேரம் கூடும், சில சமயம் மறுநாளும் வரச் சொல்வார்கள். பாதம் வீங்கியவர்களுக்கும் அதே கதை. ஊசியால் ஒவ்வாமை வருவது அபூர்வம். சிடிக்குப் போடும் அயோடின் மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கர்ப்பம் இருக்க வாய்ப்பு உண்டென்றால் ஊசிக்கு முன் வாய் திறந்து சொல்ல வேண்டும். பாலூட்டுபவர்களுக்குப் பல மையங்களில் சில மணி நேரம் நிறுத்தி ஒருமுறை பாலைப் பிழிந்து கொட்டச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு ஏற்றுவது பொதுவாக 20 முதல் 30 மில்லிக்யூரி. 20 மில்லிக்யூரிக்கு உடம்பு வாங்கும் கதிரளவு சுமார் 4 மில்லிசீவர்ட். இயற்கையிலேயே ஓர் ஆண்டில் உலகச் சராசரியாக நமக்குக் கிடைப்பது 2.4. ஆக ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல். சிடி சேர்ந்தால் அதற்கேற்ப ஏறும். குழந்தைகளுக்கு எடைக்கேற்பக் குறைப்பார்கள். மறுநாள் அதே நேரத்தில் தேய்வால் மட்டுமே பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிறுநீரில் போனதைச் சேர்த்தால் அதைவிடக் குறைவு. அந்த ஒரு நாள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். விமான நிலையத்தில் கதிர் கண்டறியும் கருவி சில நாள் வரை கூவலாம். பயணம் இருந்தால் மையத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரும்போது பழைய எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். அறுவை நடந்த தேதி, விழுந்த தேதி, புற்றுநோய் இருந்திருந்தால் அதன் சிகிச்சை, எலும்புக்குப் போடும் பிஸ்பாஸ்பொனேட் மருந்து, அண்மையில் மூட்டிலோ முதுகிலோ போட்ட ஊசி, எந்தக் காலை இழுத்து நடக்கிறீர்கள் என்பது வரை சொல்லலாம். வலது கால் வலிக்கிறவர் இடது காலில் எடையைப் போட்டு நடந்தால், நல்ல கால்தான் அதிகம் கறுக்கும். மிக எளிய, மிகவும் பயன்படும் ஒரு வழக்கம்: வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, அந்த இடத்தைப் படத்தில் குறித்துவைப்பது. டெக்னீஷியன் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டிவிடுங்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும்

ஐம்பதைக் கடந்த யாருக்கும் முழங்கால், தோள், பெருவிரல் அடி, கழுத்தின் கீழ்ப்பகுதி எல்லாம் ஓரளவு கறுத்தே இருக்கும். ‘தேய்மான மாற்றங்கள்’ என்ற வரி அதைத்தான் சொல்கிறது. அது உங்கள் வலிக்குக் காரணம் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விரல் வைத்த இடமும் கறுத்த இடமும் ஒன்றா? ஒன்றானால், அந்த இடத்துக்குச் சிடியோ எம்ஆர்ஐயோ எடுத்து என்ன என்று பார்க்கலாம். இடுப்பு மூட்டு வலி என்று போனவருக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் நான்காம் இடுப்பு முதுகெலும்பின் சிறு மூட்டு மட்டும் கறுத்திருந்தால், வலி அங்கிருந்து இறங்குகிறதா என்று சோதிக்க அந்த மூட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பது அடுத்த படி. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இடம் கறுத்திருந்தால் அதைத் தனியாக விசாரிக்கலாம், ஆனால் வலியின் கணக்கில் எழுதக்கூடாது.

புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கும்போது எடுத்தால் இன்னொரு விசித்திரம். சிகிச்சை பலித்து எலும்பு ஆறத் தொடங்கும்போதும் கட்டும் வேலை கூடும்; இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை, சில சமயம் அதற்கு மேலும், பழைய இடங்கள் முன்னைவிடக் கறுக்கும். புதிதுகூடத் தோன்றியதுபோல் தெரியும். அதை நோய் முற்றியது என்று படித்து, பலித்துக்கொண்டிருக்கும் மருந்தை மாற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. வலி குறைந்திருக்கிறது, படம் மோசமாகியிருக்கிறது என்றால் சில வாரம் பொறுத்து மறுபடி பார்ப்பது உசிதம். இதன் மறுமுனையில், உடம்பின் எல்லா எலும்பும் ஒரே சீராகக் கரேலென்று, அழகாக, சிறுநீரகமே தெரியாமல் வந்தால் அது நல்ல படம் அல்ல. மருந்து முழுவதையும் எலும்புகளே உறிஞ்சிவிட்டன; நோய் எங்கும் பரவியிருக்கலாம், அல்லது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பதால் எலும்பு முழுவதும் கொதித்துக்கொண்டிருக்கலாம். சிறுநீரகம் எங்கே என்று தேடிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் இதை ‘இயல்பு’ என்று எழுதிவிடக்கூடும்.

ரிப்போர்ட் உண்மையாகவே இயல்பு என்று வந்தால்? முறிவு, சீழ், தளர்ந்த மூட்டு, எலும்பு கட்டும் வகைக் கட்டி ஆகியவற்றை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம். வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது, தசைநார், குருத்தெலும்பு இவை எதையும் இந்த ஸ்கேன் பார்ப்பதேயில்லை, அதற்கு எம்ஆர்ஐ. முக்கியமான இன்னொன்று மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். அது எலும்பை அரித்துக்கொண்டே போகும், பதிலுக்குக் கட்டும் வேலை அங்கே நடக்காது. அதனால் எலும்பு சல்லடையாகியிருந்தும் ஸ்கேன் வெறுமையாக வரும். நடுவயதைக் கடந்தவருக்குத் தீராத முதுகுவலி, ரத்தசோகை, சிறுநீரகச் செயல்பாடு குறைவு மூன்றும் சேர்ந்திருந்தால், இயல்பான எலும்பு ஸ்கேனோடு நிறுத்தக் கூடாது. ரத்தத்திலும் சிறுநீரிலும் புரதப் பகுப்பாய்வும், முழு உடல் குறைகதிர் சிடி அல்லது எம்ஆர்ஐயும் கேட்டு வாங்குங்கள்.